மூடிப்போன கல்லூரியின் பட்டத்தோடு முதுகலைக்கு விண்ணப்பித்த அனுபவம்

வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்து மலேசியாவில் முதுகலை படிக்க நினைக்கிறவர்கள், அதிலும் தனியார் கல்லூரியில் முதல் பட்டம் வாங்கியவர்கள், விண்ணப்பப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு வரை போன முதல் ஆள் நான்தான். அதற்கு மேலே என்ன நடக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்று அப்பாவுக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. சேர்க்கைக் கடிதம் கைக்கு வருவதற்குள் ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது. கையை விட்டுப் போன பணம் நாலாயிரம் வெள்ளியை (ரிங்கிட்டை) நெருங்கியது. படிப்புக் கட்டணம் அதில் ஒரு காசு கிடையாது. எல்லாம் வாசல் வரை போய்ச் சேர ஆன செலவு.

கோலாலம்பூரில், செந்தூலில் குடியிருக்கிறேன். ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் நிர்வாக வேலை. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் நோயாளி உள்ளே இயந்திரத்தோடு படுத்திருப்பார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய மனைவியோ மகளோ உட்கார்ந்திருப்பார். வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு, இரவு வேலைக்கு மாற்றிக்கொண்டு தூங்காமல் வந்தவர்கள் உண்டு, தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் பாஜாக் கடையில், அதாவது அடகுக் கடையில், இருக்கிறது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னவர்களும் உண்டு. நோயாளிக்கு ஒரு கோப்பு இருக்கிறது. இந்தப் பெண்களுக்கு எங்கேயும் ஒரு பக்கம்கூட இல்லை. அவர்களைப் பற்றி முறையாக ஓர் ஆய்வு செய்து எழுத வேண்டும் என்ற எண்ணம் வருஷக்கணக்காக மனசில் இருந்தது. 2023-இல் முடிவெடுத்தேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே முதுகலைக்கு மூன்று பாதை உண்டு. முழுக்க ஆய்வு, பாடமும் ஆய்வும் கலந்தது, முழுக்கப் பாடம். பாடவழிப் படிப்புக்குச் சான்றிதழும் மதிப்பெண்ணும் சரியாக இருந்தால் பெரும்பாலும் போதும். ஆய்வுவழி அப்படியில்லை. உங்களை ஏற்றுக்கொள்ளும் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும், ஆய்வு முன்மொழிவு வேண்டும், உங்களைப் பற்றி எழுதித் தர இரண்டு பேர் வேண்டும். முதல் பட்டத்தின் சி.ஜி.பி.ஏ., அதாவது மொத்தப் படிப்புக்கான சராசரிப் புள்ளி, இவ்வளவு இருக்க வேண்டும் என்று நாட்டுக்குப் பொதுவான ஒரு குறைந்தபட்சம் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்கள் அதற்கு மேலும் கேட்கும். பட்டம் இல்லாமல் எஸ்.டி.பி.எம். (பள்ளி மேல்நிலைத் தேர்வு), டிப்ளோமா போன்ற தகுதியும் வேலை அனுபவமும் உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது. அதன் பெயர் ஏப்பல். முதுகலைக்கு அந்த வழியாக வர 30 வயது ஆகியிருக்க வேண்டும். மையத்தில் என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா எஸ்.டி.பி.எம். முடித்தவர், இருபது வருஷ அனுபவம் உள்ளவர். இதைக் கேட்டதும், “இது இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே” என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஆகவே பட்டம் இல்லையே என்று ஒதுங்கிப் போகாதீர்கள், விசாரியுங்கள்.

என் பிரச்சினை பட்டத்திலேயே தொடங்கியது. நான் படித்தது மூன்று வருஷமும் கோலாலம்பூரிலேயே படித்து இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வாங்கும் திட்டம். திரி பிளஸ் சீரோ என்று சொல்வோம். 1997-இல் ரிங்கிட் சரிந்து பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாமல் போன பிறகு, 1998-இலிருந்து அரசாங்கம் அனுமதித்த முறை அது. நம் ஆட்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் பட்டதாரி ஆனார்கள். 2006-இல் சேர்ந்து 2009-இல் முடித்தேன். அதற்கப்புறம் கல்லூரி கைமாறியது, பெயர் மாறியது, பிறகு மூடியே விட்டார்கள். எங்கள் வகுப்பு இருந்த மாடியில் இப்போது உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. என்னிடம் பட்டச் சான்றிதழ் இருந்தது. மூன்று வருஷ மதிப்பெண்ணையும் மொத்தமாகக் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட் இல்லை. அந்தக் காலத்தில் பருவத்துக்குப் பருவம் ஒரு தாள் கொடுத்தார்கள். இரண்டு வீடு மாறியதில் பாதி தொலைந்துவிட்டது.

இருந்த சான்றிதழையும் அப்பா லேமினேட் செய்து வைத்திருந்தார். மகளின் பட்டம் கசங்கக் கூடாது என்ற பாசம், வேறொன்றுமில்லை. நகலைச் சான்றளிக்கக் கொண்டுபோன இடத்தில் அந்த அலுவலர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, முத்திரை மேல் கட்டைவிரலால் தடவினார். தாளில் புடைத்திருக்க வேண்டிய முத்திரை பிளாஸ்டிக்குக்குள் நசுங்கித் தட்டையாகிவிட்டது. “இது அசலா, வண்ண நகலா என்று என்னால் சொல்ல முடியாதும்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அங்கிருந்து வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டில் லேமினேட் செய்யாத சான்றிதழ் இருந்தால் அப்படியே நெகிழிக் கோப்பில் போட்டு வையுங்கள், சூடு காட்டாதீர்கள். ஏற்கெனவே செய்துவிட்டதைப் பிரிக்கவும் முயலாதீர்கள், மை அதோடு வந்துவிடும். பட்டம் கொடுத்த இடத்திலிருந்தே உறுதிக் கடிதம் வாங்குவதுதான் வழி.

அதற்கு முன்னால் இன்னொன்று பார்க்க வேண்டியிருந்தது. மூடிப்போன கல்லூரியின் படிப்பை இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகம் ஏற்குமா? இதற்குப் பதில், உயர்கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.விடம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேடு இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது, பைசா செலவில்லை. கல்லூரி இன்று இருக்கிறதா என்பது முக்கியமில்லை. அங்கீகாரம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அதற்குள் நீங்கள் படித்த காலம் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான் சேர்ந்தபோது எம்.கியூ.ஏ. கிடையாது, லான் என்ற தேசிய அங்கீகார வாரியம் இருந்தது. 2007 நவம்பரில்தான் அதன் இடத்துக்கு எம்.கியூ.ஏ. வந்தது. அதனால் பழைய படிப்புகளைத் தேடும்போது கல்லூரியின் அன்றைய பெயரில் தேடுங்கள், பிறகு மாறிய பெயரிலும் தேடுங்கள். எனக்கு இணையத்தில் பார்த்ததை நம்ப மனசு வரவில்லை. நேரில் கேட்டுவிடுவோம் என்று சைபர்ஜெயாவில் இருக்கும் எம்.கியூ.ஏ. அலுவலகத்துக்குப் போனேன். செந்தூல் பாராட் நிலையத்தில் ஏறினால் புத்ராஜெயா தடத்து எம்.ஆர்.டி. மாறாமல் அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும். என் படிப்பு பட்டியலில் இருந்தது, தேதியும் பொருந்தியது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு விண்ணப்பித்த எல்லா இடத்திலும், கேட்காமலே அதையும் சேர்த்து வைத்தேன். மூடிப்போன கல்லூரி என்றதும் வரும் சந்தேகம் அந்த ஒரு தாளில் அடங்கிவிடுகிறது.

அடுத்து இங்கிலாந்து. பட்டம் அவர்களுடையது என்பதால் பதிவும் அவர்களிடம் இருக்கத்தான் வேண்டும். மின்னஞ்சல் போட்டேன். அப்படி ஒரு மாணவி எங்கள் பதிவில் இல்லை என்று இரண்டே வரியில் பதில். படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. மூன்று வருஷம், அப்பா லோரி ஓட்டிக் கட்டிய பணம், எல்லாம் இல்லை என்று யாரோ ஒருவர் எழுதிவிட்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. நம் அடையாள அட்டையில் பெயர், நடுவில் இன்னாரின் மகள் என்று குறிக்கும் ஏ/பி, அப்புறம் அப்பா பெயர். அவர்களுடைய கணினியில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும், ஏ/பி-யை ஒட்டிக்கொண்ட ஓர் எழுத்தாகவும் பதிந்திருக்கிறார்கள். பட்டச் சான்றிதழில் ஏ/பி-யே இல்லை. என் பெயரில் தேடினால் நான் வரமாட்டேன், அப்பா பெயரில் தேடினால்தான் வருவேன். ஆகவே வெளிநாட்டுப் பட்டம் வைத்திருக்கும் மலேசியத் தமிழர்கள் இப்படிக் கேட்கும்போது பெயரை எழுதக்கூடிய எல்லா வகையிலும் எழுதுங்கள், பிறந்த தேதி, மாணவர் எண், படிப்பு, கல்லூரி, முடித்த வருஷம் எல்லாவற்றையும் முதல் மின்னஞ்சலிலேயே கொடுங்கள். மாணவர் எண் மறந்துபோயிருந்தால் பழைய தேர்வு நுழைவுச் சீட்டில் இருக்கும். எனக்கு அம்மாவின் ஆவணப் பெட்டியில் ஒன்று கிடைத்தது.

பெயர் வித்தியாசத்துக்கு இங்கேயும் ஒரு காகிதம் வேண்டும். இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போடும் உறுதிமொழி. மஸ்ஜித் ஜாமெக் சுற்றுவட்டாரத்தில் வக்கீல் அலுவலகங்களுக்கு நடுவே அவர்கள் இருப்பார்கள். கட்டணம் சிறிய தொகைதான். ஆனால் வாசகத்தைத் தட்டச்சு செய்து தரவே சிலர் பெரிதாக வாங்குகிறார்கள், வீட்டிலேயே அடித்துக்கொண்டு போங்கள். அடையாள அட்டை அசல் மறக்க வேண்டாம். ஆணையர் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும், முன்கூட்டியே போட்டுக்கொண்டு போனால் மறுபடி அடிக்கச் சொல்லிவிடுவார்.

டிரான்ஸ்கிரிப்ட் கிடைப்பதிலும் ஓர் இழுபறி இருந்தது. பட்டத்துக்கு நாங்கள் பொறுப்பு, பாடவாரி மதிப்பெண் பட்டியல் கூட்டாளிக் கல்லூரிதான் தர வேண்டும் என்றார்கள். கல்லூரியே இல்லை என்று எத்தனை முறை எழுதினாலும் அதே பதில் வேறு வேறு கையெழுத்தில் வந்தது. கடைசியில் வேலை செய்த கேள்வி இதுதான்: “என் பட்டத்தை முடிவு செய்த தேர்வுக் குழுவின் பதிவில் உள்ள மதிப்பெண்களை உறுதிசெய்து ஒரு கடிதம் தர முடியுமா?” பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் அந்தக் குழுவை நடத்தாமல் பட்டம் கொடுத்திருக்க முடியாது. அதைக் கேட்டதும் கோப்பு வேறொருவர் மேசைக்குப் போனது, கடிதம் வந்தது. கட்டணம், கூரியர், வங்கிக் கழிவு எல்லாம் சேர்த்து ஐந்நூறு வெள்ளிக்குப் பக்கம். ஒன்றுக்கு மூன்று பிரதி கேட்டு வாங்குங்கள், ஒட்டிய உறையைப் பிரிக்காதீர்கள். இந்த வேலைக்கு மட்டும் நாலைந்து மாதம் ஒதுக்கி வையுங்கள். நான் இதைத் தொடங்கியபோது அக்டோபர் சேர்க்கையைக் குறிவைத்திருந்தேன், அது என் கண்முன்னாலேயே கடந்து போனது.

காகிதம் வரும்வரை மேற்பார்வையாளரைத் தேடினேன். இதுதான் மனசை அதிகம் நோகடித்த பகுதி. துறைப் பக்கத்தில் இருக்கும் விரிவுரையாளர்களுக்கு என் கதையை நீளமாக எழுதி அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. நாற்பதை நெருங்கும் ஒரு பெண், வணிகப் பட்டம், சமூக ஆய்வு செய்ய வருகிறாள் என்றால் இப்படித்தான் நடத்துவார்களோ என்று நினைத்துக் குமைந்தேன். பிறகு ஒரு விரிவுரையாளர் தொலைபேசியில் பொறுமையாகப் பேசினார். அவர்களுக்கு ஒரே நேரத்தில் இத்தனை மாணவர்கள்தான் என்று வரம்பு உண்டு, பருவ இறுதியில் விடைத்தாளுக்குள் மூழ்கியிருப்பார்கள், நீண்ட கடிதத்தைப் பிறகு படிக்கலாம் என்று ஒதுக்கி வைத்தால் அது பிறகு வருவதே இல்லை என்றார். அவரே என்னை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார், ஆனால் அடுத்த வருஷம் அவருக்கு 60, கட்டாய ஓய்வு. “பாதி வழியில் உங்களை விட்டுட்டுப் போறது சரியில்லைம்மா” என்றார். அந்த நேர்மைக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அரசுப் பல்கலைக்கழகத்தில் மேற்பார்வையாளர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பதை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பகுதிநேரமாகப் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அதற்குப் பிறகு அனுப்பிய கடிதம் பத்தே வரி. நான் யார், என்ன கேள்வியை ஆராய விரும்புகிறேன், உங்களுடைய எந்தக் கட்டுரையைப் படித்தேன், அதில் எது என் கேள்வியைத் தொடுகிறது, வரும் பருவத்தில் புது மாணவருக்கு இடம் இருக்கிறதா. கூடவே ஒரு பக்கக் கருத்துச் சுருக்கம். அவ்வளவுதான். கட்டுரையை உண்மையாகவே படித்திருக்க வேண்டும், பேசும்போது தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடுங்கள். இப்படித்தான் என் இப்போதைய மேற்பார்வையாளர் கிடைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்கள் மையத்து ஆட்களையே பேட்டி எடுத்தால், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குத் தைரியம் வருமா?” அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என்னிடம் அந்தப் பெண்கள் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்தான். அந்த ஒரு கேள்வியால் முன்மொழிவையே மாற்றி, வேறு மையங்களை எடுத்துக்கொண்டோம். நோயாளிகள், குடும்பத்தினர் சம்பந்தப்பட்ட ஆய்வென்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அரசாங்க மருத்துவமனையைத் தொட்டால் சுகாதார அமைச்சின் குழுவுக்கும் போக வேண்டும். முன்மொழிவிலேயே இதைப் பற்றி ஒரு பத்தி இருந்தால் படிப்பவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். முன்மொழிவைச் ‘செம்மைப்படுத்தித்’ தருகிறோம் என்று அறுநூறு வெள்ளி வாங்கிக்கொண்ட ஒருவர் திருத்தியது நிறுத்தற்குறிகளை மட்டும்தான். அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆள் அவர் இல்லை. பணத்தை அங்கே போடாதீர்கள்.

பரிந்துரை எழுதித் தரும் இருவரில் ஒருவராவது கல்வியாளராக இருக்க வேண்டும் என்றார்கள். பழைய விரிவுரையாளர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். ஒருவரைக் கண்டுபிடித்தேன், அவரும் உடனே சரி என்றார். படிவம் அவருக்கு நேராகப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சலில் போகும், அது குப்பை அஞ்சலில் விழுந்து, இணைப்பு காலாவதியாகி, என் விண்ணப்பம் ‘முழுமையடையாதது’ என்றே கிடந்தது. யாரும் சொல்லவில்லை. ஒரு பருவம் போனது இதனால்தான். பரிந்துரைப்பவரின் அலுவலக மின்னஞ்சலைக் கொடுங்கள், தனிப்பட்ட முகவரியைச் சில இடங்களில் ஏற்பதில்லை. அனுப்பிய அன்றைக்கே அவருக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டு, வந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். இணையப் படிவத்தில் சி.ஜி.பி.ஏ. கட்டம் கட்டாயம் என்று நிற்கும், இங்கிலாந்துப் பட்டத்தில் எண் கிடையாது, வகுப்புதான். நீங்களாகக் கணக்குப் போட்டு ஓர் எண்ணை நிரப்பாதீர்கள். சேர்க்கைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் தரும் பதிலையும் அப்படியே ஆவணத்தோடு ஏற்றுங்கள்.

இதற்கு நடுவில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், விண்ணப்பித்த சில நாளிலேயே இடம் கொடுத்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று தினமும் அழைப்பு. பல மாதம் ஒருவரும் கதவைத் திறக்காத நிலையில், வாங்க வாங்க என்று கூப்பிடும் குரல் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். 2,200 வெள்ளி கட்டினேன். அவர்கள் சொன்ன மேற்பார்வையாளர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருந்தார், என் துறையில் அங்கே வேறு ஆளே இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்டபோது கடிதத்தின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்கள். ஆய்வுவழிப் படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் மேற்பார்வையாளரின் பெயர் கடிதத்தில் அச்சில் இருக்க வேண்டும், அவரோடு நீங்கள் ஒரு முறையாவது பேசியிருக்க வேண்டும். பணம் திரும்பத் தரும் விதி என்ன, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போட முடியுமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன வாக்கு எதற்கும் நிற்காது.

கடைசியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர மாணவியாக இடம் கிடைத்தது. கட்டணம் தனியாரில் சொன்னதில் பாதிகூட இல்லை. பணத்துக்கு இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, ஒரு வழி. 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது, கல்விக்கென்று எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. சொந்தப் படிப்புக்கும் எடுக்கலாம், பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். வருமான வரியில் சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு வருஷத்துக்கு 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு, முதுகலை என்றால் எந்தத் துறையாக இருந்தாலும் சேரும். ரசீதுகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். இபிஎஃப் பணத்துக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும், பல்கலைக்கழகத்தின் பதிவுத் தேதியோ அதுவரை காத்திருக்காது. அதனால் முதல் பருவக் கட்டணத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். நான் கூட்டுச் சீட்டை முன்கூட்டியே எடுத்துத்தான் அதைக் கட்டினேன்.